திரும்பி வந்த மாத்திரைகள்

"வலிக்காரங்க வீட்டுக்கு அளந்து…" என்று பெரிய டாக்டர் தொடங்குவார். "கொடுக்கணும்" என்று முடித்தாரா, "கொடுக்கக் கூடாது" என்று முடித்தாரா என்பது அம்பலவாணனுக்கு நினைவில்லை. அவர் அதைச் சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் யாராவது ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடிவருவார்கள். பெரிய டாக்டர் ஓய்வு பெற்று மகள் இருக்கும் ஊருக்குப் போய்விட்டார். வாக்கியம் பாதியில் நின்றுவிட்டது. மீதியை டாக்டர் அம்பலவாணன் அன்றன்றைய கூட்டத்தைப் பார்த்துத் தானே முடித்துக்கொண்டார்.

அது ஒரு தறிக்கார ஊர். விடிந்தாலும் அடைந்தாலும் விசைத்தறி ஓடிக்கொண்டே இருக்கும். அங்கே பிறக்கிற குழந்தை தாலாட்டுக்கு முன்னால் தறியைத்தான் கேட்கும். அந்த ஊருக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. அங்கே எல்லாப் பொருளும் பேசும். குடை பேசும், கட்டில் பேசும், பேனா பேசும். ஆனால் தறியின் டக்கடக்கில் எதுவும் யார் காதிலும் விழாது. சத்தம் கொஞ்சம் அடங்கி, கையும் கொஞ்சம் ஓய்ந்து, ஒருவர் சும்மா உட்கார்ந்தால் மட்டுமே கேட்கும். அப்படி உட்கார அந்த ஊரில் யாருக்கு நேரம்?

வலி மட்டும் விதிவிலக்கு. அதன் குரல் தறியையும் மீறிக் கேட்கும்.

ஊர்க் கோடியில் ஓர் ஆஸ்பத்திரி. அதன் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு உள்ளே வர ஒரு பெரிய வாசல். வெளியே போக, மருந்துக் கடையை ஒட்டி ஒரு சின்ன வாசல். பெரிய வாசலில் வந்தவர்களின் முகத்தை அம்பலவாணன் மறப்பதில்லை. சின்ன வாசலில் போனவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று அவருக்குத் தெரியாது. அவரிடம் யாரும் கேட்டதுமில்லை.

ஒரு நாள் காலை பெரிய வாசலில் நாச்சிமுத்து வந்தான். சொந்தமாகத் தறி வைத்து ஓட்டுகிறவன். ஓடுகிற தறியிலிருந்து, நூலைச் சுமந்து ஓடும் நாடாக் கட்டை தெறித்து முன்கையில் அடித்து எலும்பு முறிந்திருந்தது. கூடவே அவன் மனைவி தங்கமணி. அவர்கள் இரண்டு பேருக்கும் முன்னால், கல்யாண வீட்டுக்கு வருகிற தாய்மாமன் மாதிரி, வலி வந்தது.

"தள்ளுங்க, தள்ளுங்க. மொதல்ல என்னைக் கவனிங்க. பேர் கேக்கறது, படம் புடிக்கறது எல்லாம் அப்பறம் வச்சுக்கலாம்."

அம்பலவாணன் இளகின மனசுக்காரர். வலி நிற்கும் இடத்தில் அவரால் நிற்க முடியாது. உடனே ஊசி போட்டார். படம் எடுத்தார். மாவுக்கட்டுப் போட்டார். வலி கொஞ்சம் கொஞ்சமாகக் குரல் இறங்கி, கட்டில் விளிம்பில் போய் உட்கார்ந்தது. நாச்சிமுத்துவின் முகத்தில் ரத்தம் திரும்பியது.

வாசலில் அடுத்த ஆம்புலன்ஸ் வந்து நின்றது. அம்பலவாணன் நின்றபடியே சீட்டை எடுத்தார்.

"ஏனுங் டாக்டருங்க," என்றாள் தங்கமணி. "மாத்திரையைக் கொஞ்சம் சேத்தியே எழுதிக் குடுத்துருங்க. தறியை நிறுத்திப் போட்டு வந்திருக்கறோம். மறுக்கா மறுக்கா வரமுடியாதுங்க."

"பத்துன்னு போடுங்க," என்றது பேனா. "எப்பவும் போடறதுதானே. கை தானாப் போகும்."

பேனா சொன்னதை அவர் தன்னுடைய யோசனை என்றே நினைத்துக்கொண்டார். பத்து என்று எழுதினார்.

நாச்சிமுத்து எழுந்து நின்று, நல்ல கையை நெஞ்சில் வைத்து, "அப்பப் போயிட்டு வர்…" என்று ஆரம்பித்தான். தங்கமணி சட்டென்று அவன் வாயைப் பொத்தினாள்.

"ஆசுபத்திரில வந்து அப்படிச் சொல்லுவாங்களா? பேசாம நடங்க."

அம்பலவாணன் சிரித்தார். சின்ன வாசல் வழியாக அவர்கள் போனார்கள். வலியும் எழுந்து பின்னாலேயே போனது. பையில் மாத்திரைகள் போயின. அவர் ஆம்புலன்ஸ் பக்கம் திரும்பினார்.

சில வாரங்கள் போயின. மாதத்துக்கு ஒரு தரம் கம்பி பார்க்கிறவர்கள் ஊர் முழுக்கக் கரண்டை நிறுத்தும் நாள் வந்தது. தறிகள் எல்லாம் வாய்மூடிக் கிடந்தன. ஊருக்கே காது குடைந்துவிட்ட மாதிரி இருந்தது. ஆஸ்பத்திரியின் பின்கட்டில் ஜெனரேட்டர் மட்டும் முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

மத்தியானம் பெரிய வாசலில் மறுபடி நாச்சிமுத்துவும் தங்கமணியும் வந்தார்கள். இந்தத் தடவை நடுவில் ஒரு வயதான அம்மாள். நாச்சிமுத்துவின் அக்கா நல்லம்மாள். தோட்டத்து வீட்டில் ஒரு மாட்டோடு தனியாக இருப்பவர். நெற்றி பிளந்திருந்தது. வலது மணிக்கட்டு வளைந்து வீங்கியிருந்தது. கண் சொருகிச் சொருகித் திறந்தது.

"என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணுமில்லீங் சாமி. மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனனா, பூமி சித்த சாஞ்சுருச்சு."

"பூமி சாயலைக்கா. நீதான் சாஞ்சே," என்றான் நாச்சிமுத்து.

"நீ பேசாதடா. ஒத்தக் கையை வச்சுக்கிட்டு எனக்கு நாயம் சொல்ல வந்துட்டான். இப்ப எனக்கும் ஒத்தக் கை. ரெண்டு பேரும் சேந்தா ஒரு ஆளு வேலை பாக்கலாம், கூலிக்குப் போலாமா?"

சிரிக்கப் போனவர் பாதியில் பல்லைக் கடித்தார். அவர் மணிக்கட்டில் ஒரு புது வலி ஏறி உட்கார்ந்திருந்தது.

அம்பலவாணன் நெற்றிக்குத் தையல் போட்டார். டார்ச் அடித்துக் கண்மணியைப் பார்த்தார். ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தது.

"அம்மா ஏதாவது மாத்திரை போட்டாங்களா?"

தங்கமணி தன் கைப்பையைத் திறந்து, மடித்த காகிதம் ஒன்றை எடுத்துப் பிரித்தாள். உள்ளே துண்டாக வெட்டிய மாத்திரை அட்டை. மூன்று மாத்திரைகள் பாக்கி இருந்தன.

நாத்தனாரைக் கண்ணால் காட்டினாள். "நங்கையா முதுகு புடிச்சுக்குதுன்னு சொன்னாங்க. நாந்தானுங்க குடுத்தேன். ஒண்ணு கேக்கலைன்னு இன்னைக்கு ரெண்டாப் போட்டுட்டாங்களாம்."

அவர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். வெள்ளித் தாளில் பெயரும் இல்லை, தேதியும் இல்லை. ஓரத்தில் ஓர் எழுத்தின் வால் மட்டும் இருந்தது.

"என்ன மாத்திரை இது?"

"வெள்ளை மாத்திரைங்க. வலிக்குப் போடறது."

"யார் குடுத்தது?"

தங்கமணி நிமிர்ந்து பார்த்தாள். "நீங்கதானுங்க," என்றாள்.

எக்ஸ்ரே அறைக்கு முன்னால் இன்னும் ஆட்கள் இருந்தார்கள். நல்லம்மாளைக் கட்டிலில் படுக்க வைத்து, மூச்சைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லி சிஸ்டர் ஜெபமணியை நிறுத்திவிட்டு, அம்பலவாணன் தன் மேஜைக்கு வந்து உட்கார்ந்தார். அட்டைத் துண்டை எதிரே வைத்தார். வேறு யாரும் வரவில்லை. அவர் இப்படிச் சும்மா உட்கார்ந்து வெகு காலம் ஆகியிருந்தது.

"எங்களைத் தெரியலீங்களா?" என்று ஒரு குரல் கேட்டது.

நடுவில் இருந்த மாத்திரை பேசியது.

"நீ பேசுவியா?"

"எப்பவும் பேசிக்கிட்டுத்தான் இருக்கறோம். இன்னைக்குத் தறி நின்னிருக்கு, நீங்களும் உக்காந்திருக்கீங்க."

"உன் பேரு எங்கே?"

"கடையிலேயே போச்சுங்க. நீங்க பத்துன்னு எழுதினீங்க. அட்டையில பதினஞ்சு பேர் இருந்தோம். கத்தரியம்மா வந்தாங்க. 'பேர் போட்ட பக்கம் எனக்கு வேணும், இல்லாட்டி நாளைக்கு நான் எதை எதுன்னு கண்டுபுடிப்பேன்'னு சொல்லி ஒரே வெட்டு. அவங்க சொல்றதும் நாயந்தானே. பேரு கடையில இருந்துக்கிச்சு. நாங்க பத்துப் பேரும் பேரில்லாம வீட்டுக்குப் போனோம்."

"வீட்டுல எங்க வச்சாங்க?"

"ஃபிரிட்ஜ் மேல ஒரு பிஸ்கட் டப்பா," என்றது ஓரத்து மாத்திரை. பேச வாய்ப்புக் கிடைக்காதா என்று காத்திருந்த மாதிரி அது முந்திக்கொண்டது. "என்னா கூட்டம்ங்கறீங்க! பாதி இருமல் மருந்து, மூடி தொலைஞ்ச கண் சொட்டு மருந்து, காஞ்சுபோன தைல டப்பி. இருமல் மருந்துதான் அங்க மூத்தவரு. 'யாருப்பா நீங்க, பேரு சொல்லுங்க'ன்னாரு. பேரு இல்லீங்க, அபினி எங்களுக்குத் தூரத்துச் சொந்தம், கசகசாத் தோட்டத்துல ஆரம்பிச்ச வம்சம்னு சொன்னோம். 'அட, கசகசாவா? அது கீழ் அலமாரியில இருக்குதே, குருமாவுக்குப் போடறது'ன்னு சொல்லிச் சிரிச்சாரு. எங்க மானமே போச்சு."

"மொத ரெண்டு மூணு நாள் நல்லா இருந்துச்சு," என்றது நடு மாத்திரை. "வலி கூப்புடும். நாங்க ஒவ்வொருத்தரா ஓடுவோம். எங்காளு ஒருத்தன் போனா அந்த மனுசன் கண்ணை மூடித் தூங்குவாரு. அதுக்குத்தானே பொறந்தோம்? அப்பறம் ஒரு நாள் காலையில வலி கிளம்பிப் போயிருச்சு."

"சொல்லிக்கிட்டுப் போச்சா?"

"வரும்போது விருந்துக்கு வந்த ஒறம்பரை மாதிரி வந்துச்சு, போகும்போது சொல்லிக்கலை. சத்தமில்லாமப் போயிருச்சு. டப்பாவுல நாங்க மிஞ்சிட்டோம். வேலை இல்லாம ஒருத்தர் வீட்டுல எவ்வளவு நாள் சும்மா இருக்கறது? நாங்களும் கூப்புட ஆரம்பிச்சோம்."

"யாரை?"

"கைக்கட்டோட ஒருத்தர் பகலெல்லாம் நாற்காலியில உக்காந்திருந்தாரே, அவரைத்தான். அந்த வீட்டுல எங்க பேச்சைக் கேக்க நேரம் இருந்தது அவருக்கு மட்டும்தான். 'முத்து, வா'ன்னோம். 'வலிக்கலையே'ன்னாரு. 'வலிச்சாத்தான் வரணுமா'ன்னு கேட்டோம்."

அம்பலவாணன் எழுந்தார். வெளியே பெஞ்சில் நாச்சிமுத்து உட்கார்ந்திருந்தான். தங்கமணி சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்தாள். அம்பலவாணன் இருவருக்கும் நடுவில் போய் உட்கார்ந்தார். டாக்டர் பெஞ்சில் உட்கார்ந்ததைப் பார்த்து இருவரும் எழப் போனார்கள். கையைக் காட்டி உட்கார வைத்தார்.

"கை வலி எப்ப நின்னுது, முத்து?"

"அது அந்த வாரமே நின்னு போச்சுங்க."

"அப்பறமும் மாத்திரை போட்டீங்களா?"

நாச்சிமுத்து மாவுக்கட்டை நெருடினான். மனைவியைப் பார்க்கவில்லை.

"வலிக்குன்னு போடலீங்க. எப்படிச் சொல்றது… எங்க வீடும் தறியும் ஒரே செவுருங்க. பொறந்ததுலருந்து அந்தச் சத்தம் மண்டைக்குள்ளயே ஓடுது. கோயிலுக்குப் போனாலும் ஓடும். தூங்குனாலும் ஓடும். அந்த மாத்திரை ஒண்ணு போட்டா, சித்த நேரத்துல தறி நின்ன மாதிரி இருக்குமுங்க. வெளிய ஓடிக்கிட்டுத்தான் இருக்கும். உள்ள நின்னுரும்." அவன் குரல் தாழ்ந்தது. "கட்டுப் பிரிச்சு வேலைக்குப் போயிட்டா விட்டுரலாம்னுதான் நெனச்சேன்."

"எனக்குத் தெரியும்," என்றாள் தங்கமணி. அவனிடம் சொல்லவில்லை, எதிர்ச் சுவரிடம் சொன்னாள். "டப்பாவை எறக்கும்போதெல்லாம் கொறையும். கேட்டாக் கோவம் வரும். இந்த எழவு வீட்டுலயே இருக்க வேண்டாம்னு நெனச்சேனுங்க. ஆனா நல்ல மாத்திரை, டாக்டரு குடுத்த மாத்திரை, குப்பையில போட மனசு வரலை. நங்கையா முதுகைப் புடிச்சுக்கிட்டு வந்தாங்க. சரி, அவங்களுக்காச்சும் ஆகட்டும்னு மடிச்சுக் குடுத்தேன்." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அவங்க தனியா இருக்கறவங்கன்னு அப்பத் தோணலைங்க."

எக்ஸ்ரே வந்தது. மணிக்கட்டு எலும்பு முறிந்திருந்தது. அம்பலவாணன் அதைச் சேர்த்துக் கட்டினார். மரத்துப்போக ஊசி போட்டிருந்தும் நல்லம்மாள் கட்டிலின் கம்பியை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஒரு சத்தமும் போடவில்லை. சத்தம் எல்லாவற்றையும் அவருடைய வலி போட்டது.

"மரப்பு எறங்கட்டும், அப்பப் பாருங்க என்னை!" என்று அது கத்தியது.

"கொஞ்சம் மெதுவாப் பேசு தம்பி," என்று கட்டிலின் மறு பக்கத்திலிருந்து ஒரு கரகரத்த குரல் வந்தது.

அம்பலவாணன் திரும்பினார். அங்கே பழைய வலி ஒன்று காலை நீட்டிச் சாய்ந்திருந்தது. சொந்த வீட்டில் இருப்பது போல இருந்தது அதன் இருப்பு.

"நீ யாரு?"

"நான் முதுகு. இந்தம்மா கூட இருவது வருசமா இருக்கறேன். காலையில கொஞ்சம் மொனகுவேன், சுடுதண்ணி ஊத்துனா அடங்கிக்குவேன். எங்களுக்குள்ள ஒரு ஏற்பாடு. அந்த வெள்ளைக்காரப் பசங்களை நான் கூப்புடவே இல்லீங்க. என் பேரைச் சொல்லி வந்தாங்க, இந்தம்மாவைக் கீழ தள்ளிட்டாங்க. என் வேலையையும் கூட்டிட்டாங்க."

சாயங்காலம் ஆனது. நல்லம்மாளின் கண் நன்றாகத் திறந்துகொண்டது. எழுந்து உட்கார்ந்தார், நடந்தார், காபி கேட்டார். வேறு ஆள் வந்துவிட்டதால் கட்டில் வேண்டும் என்று சிஸ்டர் ஜெபமணி இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டார். மரப்பு இறங்க ஆரம்பித்திருந்தது. புது வலி எழுந்து நின்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டது.

அம்பலவாணன் சீட்டை எடுத்தார். பேனாவைத் திறக்கப் போனார். அது மூடியை விடவில்லை.

"நான் எழுத மாட்டேன்," என்றது பேனா.

"ஏன்?"

"எனக்குப் பயமா இருக்கு. ஒரு சீட்டுல அந்த மனுசன், அவரு வீடு, இந்தம்மா நெத்தி, கை எல்லாம் போச்சு. இனிமே அந்த மாத்திரையை யாருக்குமே எழுத வேண்டாம்."

"அன்னைக்குப் பத்துன்னு சொன்னது நீதான்."

"நான் சொன்னேன். ஏன் சொன்னேன்? உங்களுக்கு நேரம் கொறையக் கொறைய நான் எழுதற எண்ணிக்கை ஏறும். நின்னுக்கிட்டு எழுதினாப் பத்து. உக்காந்து எழுதியிருந்தா எவ்வளவுன்னு எனக்கே தெரியாது. ஏன்னா நீங்க உக்காந்ததே இல்லை."

அம்பலவாணனுக்கு முகம் சுட்டது. பேனாவைச் சட்டைப் பையில் செருகினார்.

"சார்," என்றார் சிஸ்டர் ஜெபமணி, "பேசாம சாதாக் காய்ச்சல் மாத்திரையே எழுதி அனுப்பிரலாம் சார். எதுக்கு வம்பு?"

"அனுப்புங்க, அனுப்புங்க," என்றது புது வலி. "அதை வச்சுப் பகல்ல என் தலையைத் தடவலாம். படுக்கும்போது நான் எந்திரிப்பேன். இந்தம்மா கம்பியைப் புடிச்சுக்கிட்டு விடிய விடிய உக்காந்திருக்கட்டும். விடிஞ்சதும் தங்கமணி பக்கத்து வீட்டுல போயி வேற ஏதாவது வெள்ளை மாத்திரை வாங்கிட்டு வருவா. அதுக்கும் பேர் இருக்காது."

மேஜையில் கிடந்த மூன்று மாத்திரைகளும் ஒரே குரலில் பேசின.

"நாங்க போறமுங்க. இப்பத்தானே சரியான வலி வந்திருக்கு? இதுக்குத்தான் நாங்க இத்தனை நாளாக் காத்திருந்தோம். மூணு பேரும் ஒழுங்கா வேலையைச் செஞ்சு முடிச்சுக்கறோம். யாரையும் கூப்புட மாட்டோம்."

அவர் அவற்றை உள்ளங்கையில் எடுத்துக்கொண்டார். அவை சொன்னது பொய்யில்லை என்று அவருக்குத் தெரிந்தது. வேலை செய்யத்தான் அவை ஆசைப்பட்டன. எங்கே அனுப்பினாலும், எவரிடம் அனுப்பினாலும் வேலை செய்திருக்கும்.

"உங்களை எனக்குத் தெரியும்," என்றார். "ஆனா இந்த அட்டையைப் பாக்கற வேற யாருக்கும் தெரியாது. பேர் இல்லாம உங்களை இன்னொரு வீட்டுக்கு அனுப்ப மாட்டேன்."

அவற்றை சிஸ்டரிடம் கொடுத்து, கழிவு மருந்துகளோடு சேர்க்கச் சொன்னார்.

பிறகு அவர் ஒரு ஸ்டூலை இழுத்து நல்லம்மாளின் கட்டில் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். அந்த அம்மாளைப் பார்த்தார். அவர் மணிக்கட்டின் மேல் நின்றிருந்த வலியைப் பார்த்தார்.

"நீ எவ்வளவு நாள் இருப்பே?" என்று கேட்டார்.

வலி திகைத்துப் போனது. மடித்துவிட்ட சட்டைக் கையை இறக்கிவிட்டது.

"என்னைப் பாத்ததும் எல்லாரும் அடக்கத்தான் பாப்பாங்க. ஒருத்தரும் இதைக் கேட்டதில்லீங்க." அது சற்று யோசித்தது. "கட்டுப் போட்ட எலும்பு. இன்னைக்கும் நாளைக்கும் நல்லாக் கத்துவேன். அதுக்குப் பொறகு தொண்டை கட்டிக்கும். மொனகிக்கிட்டுத்தான் இருப்பேன், ஆனா மொனகலுக்குச் சாதா மாத்திரை போதும். எலும்பு எதாவது நகந்துபோச்சுன்னா மட்டும் மறுபடியும் கத்துவேன். அப்படிக் கத்துனா மாத்திரை குடுத்து என் வாயை மூடாதீங்க. இங்க கூட்டிட்டு வரச் சொல்லுங்க."

"யாருகிட்டச் சாமி பேசறீங்க?" என்று நல்லம்மாள் கேட்டார்.

"உங்க கையோடதாம்மா."

"என்னங்குது?"

"ரெண்டு நாள் படுத்தும்ங்குது."

"படுத்தட்டும். கட்டிக்கிட்ட மனுசன் நாப்பது வருசம் படுத்துனதைத் தாங்குனவ நான்," என்றார் நல்லம்மாள். சொல்லிவிட்டு உதட்டைக் கடித்தார். கண்ணோரத்தில் நீர் திரண்டு காதுப் பக்கம் இறங்கியது. இடது கை கம்பியைத் தேடியது. "ஆனா அந்த வெள்ளை மாத்திரை வேண்டாஞ் சாமி. மறுபடியும் உளுந்தா எடுக்க ஆளில்லை. மாடு வந்தா தூக்கும்?"

"நங்கையா எங்க வீட்டுக்கு வரட்டுமுங்க," என்றாள் தங்கமணி. "நான் பக்கத்துலயே படுத்துக்கறேன். பாத்ரூமுக்கும் நான் கூட்டிட்டுப் போறேன். மாட்டையும் ஓட்டிட்டு வந்தர்றோம்."

இதுதான் சரி என்று அம்பலவாணனுக்குப் பட்டது. அந்த அம்மாளை ஒருவர் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டால், கத்துகிற வலிக்கு அந்த மாத்திரையைக் கொஞ்சமாகக் கொடுக்கலாம். உடனே இன்னொன்றும் பட்டது. அந்த வீட்டில் ஃபிரிட்ஜ் இருந்தது, ஃபிரிட்ஜ் மேல் டப்பா இருந்தது, நாற்காலி இருந்தது. அவர் நாச்சிமுத்துவை ஏறிட்டார்.

நாச்சிமுத்து கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தான். மனைவியையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அக்கா எங்க வீட்டுக்கே வரட்டுமுங்க," என்றான். "அவளுக்கு வலிக்கு வேணுங்கற மாத்திரையையும் குடுங்க. வலியில அவ படறதை என்னால பாக்க முடியாது. ஆனா, டாக்டருங்க, மிச்சம் வர்ற மாதிரி குடுத்துராதீங்க. மிச்சம் இருந்தா எனக்குக் கேக்கும்."

தங்கமணி அவனைத் திரும்பிப் பார்த்தாள். அந்த மத்தியானத்திலிருந்து முதல் முறையாகப் பார்த்தாள்.

வெளியே எங்கேயோ ஒரு தறி இருமியது. அடுத்தது சேர்ந்துகொண்டது. கரண்ட் வந்துவிட்டது. ஒவ்வொரு தெருவாக ஊர் பேச ஆரம்பித்தது. வலியின் குரல் மட்டும் கேட்டது; பேனா ஏதோ சொன்னது, டக்கடக்கில் அது காதில் விழவில்லை. சிஸ்டர் ஜெபமணி மூன்றாவது தடவையாக எட்டிப் பார்த்து, "சார், கட்டில்," என்றார்.

அம்பலவாணன் ஸ்டூலை விட்டு எழவில்லை. உட்கார்ந்தபடியே பேனாவைத் திறந்தார்; இந்தத் தடவை அது மூடியை விட்டது. பகலுக்குச் சாதா மாத்திரையும், படுக்கும்போது மட்டும் அந்த மாத்திரையில் ஒன்றும் என்று இரண்டு நாளைக்கு எழுதி, உறை மேல் மாத்திரையின் பெயரை எழுதிக் கொடுக்கும்படி கடைக்கும் குறித்தார். மூன்றாம் நாள் காலையில் தானே கூப்பிடுவதாகச் சொல்லி, தங்கமணியின் போன் எண்ணை வாங்கிக்கொண்டார்.